கொலைக் கதை படிக்கத் தெரியாத தம்பி

அக்கா பஸ் ஓட்டுகிறவள். இருபத்தொரு வருஷமாக ஒரே பணிமனை, ஒரே வழித்தடம். ஒரு நடை முடிந்து அடுத்த நடை கிளம்புவதற்குள் கடைசி நிறுத்தத்தில் பதினோரு நிமிஷம் கிடைக்கும். அந்தப் பதினோரு நிமிஷத்தில் ஓர் அத்தியாயம் படித்துவிடுவாள். கொலைக் கதை மட்டும்தான். முதல் பத்துப் பக்கத்துக்குள் யாரும் சாகவில்லை என்றால் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவாள். தடிப் புத்தகம் சட்டைப்பைக்குள் நுழையாது என்று அதை மூன்றாகக் கிழித்து, அன்றைக்கு வேண்டிய துண்டை மட்டும் எடுத்துப் போவாள். முடித்த கையோடு அடுத்த டிரைவரிடம் கொடுத்துவிடுவாள். படித்ததையே திரும்பப் படிப்பது, இறங்கிப்போன ஆட்களைக் கூப்பிட்டு மறுபடி ஏற்றிக்கொள்கிற வேலை என்பது அவள் கட்சி.

தம்பி அவளைவிட மூன்று வயது இளையவன். பல் செட் செய்யும் கூடத்தில் இருக்கிறான். யாருடைய வாயையும் அவன் பார்த்ததில்லை. மருத்துவமனையிலிருந்து அச்சு மட்டும்தான் அவன் மேசைக்கு வரும். ரத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் வெளிறிவிடும். புத்தகம் வாங்கினால் முதலில் கடைசிப் பக்கத்தைப் படிப்பான். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள், யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை என்று உறுதியான பிறகுதான் முதல் பக்கத்துக்கு வருவான். பிறகு அதே புத்தகம் இரண்டு மாதம் ஓடும். பிடித்த வரிக்குக் கீழே கோடு போடுவான், அதுவும் ஸ்கேல் வைத்து.

அக்காவின் மகள் கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். ஒருவருடைய குணத்துக்கும் அவர் தேர்ந்தெடுக்கும் புத்தகத்துக்கும் என்ன தொடர்பு என்பது அவளுடைய ஆய்வு. நாற்பது கேள்வி கொண்ட ஒரு தாளை வீட்டிலிருந்தே தொடங்கினாள். அம்மாவுக்கு 'பரபரப்பு தேடுபவர்' என்று வந்தது. மாமாவுக்கு 'பதற்றம் மிகுந்தவர். அதிர்ச்சி தரும் நூல்களை முடிக்க இயலாதவர்' என்று வந்தது.

"பதற்றம்னு போடாதம்மா, ஜாக்கிரதைன்னு போடு" என்றான் தம்பி.

"அப்படி ஒரு கட்டமே இல்ல மாமா."

ஒரு திங்கட்கிழமை காலை, இரண்டாவது நடையில், அக்காவின் வலது கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஒரு திரை இறங்கியது. கண்ணைக் கசக்கினாள். திரை போகவில்லை. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, விளக்குகளை மினுக்கவிட்டு எழுந்து நின்றாள். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. அடுத்த வண்டி எட்டு நிமிஷத்துல வரும், எல்லாரும் அதுல போயிடுங்க" என்று நாற்பது பேரையும் இறக்கிவிட்டாள். அதன் பிறகுதான் பணிமனைக்குப் போன் போட்டாள்.

விழித்திரை பிரிந்துவிட்டிருந்தது. அன்று மாலையே அறுவை நடந்தது. மறுநாள் மருத்துவர் சொன்னார்:

"உள்ள ஒரு வாயுக் குமிழி விட்டிருக்கோம். அதுதான் விழித்திரையை அழுத்திப் பிடிக்கும். குமிழி எப்பவும் மேல நோக்கித்தான் போகும். அதனால உங்க முகம் கீழ பார்த்தே இருக்கணும். பதினாலு நாள். மணிக்குப் பத்து நிமிஷம் நிமிரலாம். சாப்பிட, பாத்ரூம் போக. மத்த அம்பது நிமிஷம் குப்புறத்தான். படிக்கக் கூடாது. நல்ல கண்ணு வரி வரியா ஓடினா கட்டுப் போட்ட கண்ணும் கூடவே ஓடும்."

"திரும்ப ஓட்டலாமா டாக்டர்?"

"முதல்ல ஒட்டட்டும்மா."

அக்காவின் கணவருக்குக் கப்பலில் வேலை. கரைக்கு வர இன்னும் நான்கு மாதம் இருந்தது. மகளுக்குப் பகலெல்லாம் தேர்வு. தம்பி பதினைந்து நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஒரு பையோடு வந்து சேர்ந்தான். முகம் பதிக்க நடுவில் ஓட்டை வைத்த மசாஜ் மேசை ஒன்றைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கி, முன்னறையில் போட்டான். அக்கா அதில் குப்புறப் படுத்தாள். ஓட்டை வழியாக இடது கண்ணுக்குத் தெரிந்தது ஆறு தரை ஓடுகள்.

மகள் கைப்பேசியில் ஒலிப்புத்தகம் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அக்கா அரை மணி நேரம் தாங்கினாள்.

"கத்தியை எடுத்தான்கிறதையும் அடுத்த நிறுத்தம்கிறதையும் ஒரே குரல்ல சொல்லுது. இதை என் வண்டியிலயே கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. அணைடா. நீ படி."

தம்பி தன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தான். ஓர் ஆற்றங்கரையோரமாக ஒருவர் மூன்று மாதம் நடந்து போன கதை. தரையில் உட்கார்ந்து, மேசைக் காலில் சாய்ந்துகொண்டு, நிறுத்தி நிதானமாக ஐம்பது நிமிஷம் படித்தான்.

"டேய், இந்த ஆறு எங்கயாச்சும் போகுதா?"

"போயிட்டுத்தானே இருக்கு."

"யாராச்சும் அதுல விழுவாங்களா?"

"மாட்டாங்க. நான் கடைசிப் பக்கம் பார்த்துட்டேன்."

அக்காவிடமிருந்து ஒரு பெருமூச்சு கீழே இறங்கியது. "என் தலைமாட்டுல ஒண்ணு இருக்கு பாரு. போன வாரம் வாங்கினது, இன்னும் தொடல. நாளையிலேருந்து அதுதான்."

முந்நூற்று இருபது பக்கம். அட்டையில் ஒரு கையுறை, அதன் மேல் சிவப்பாகச் சொட்டு. தம்பி அட்டையைப் பார்க்காமல் புத்தகத்தைத் திருப்பி வைத்தான். பிறகு பழக்கதோஷத்தில் கடைசிப் பக்கத்துக்குக் கையைக் கொண்டுபோனான். பக்கம் புரளும் சத்தம் அக்காவுக்குத் தெரியாதா? மகள் அப்போதுதான் தேர்வு முடிந்து வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தாள்.

"மகளே! அந்தப் புத்தகத்தோட கடைசி அத்தியாயத்தைக் கிழிச்சு எங்கிட்ட கொடு!"

கிழிந்த சத்தத்தில் தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அக்கா அந்த இருபது தாளையும் வாங்கி மார்புக்கு அடியில் வைத்துக்கொண்டு அதன் மேலேயே படுத்துவிட்டாள்.

கதை ஏரிக்கரையில் இருக்கும் ஒரு தங்கும் விடுதியில் நடந்தது. ஏழு பேர் தங்கியிருக்கிறார்கள். ஆறாவது பக்கத்திலேயே பாட்டு டீச்சர் ஒருத்தி கழுத்து நெரிபட்டுச் செத்துப்போகிறாள். தம்பி அந்தப் பத்தியின் முதல் வரியைப் பார்த்தான். "பாட்டு டீச்சர் மயங்கி விழுந்தார்" என்று படித்துவிட்டு, பக்கத்தைத் திருப்பினான்.

ஒரு பொய் சொன்னால் அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று வேண்டியிருக்கிறது. உடலை எடுத்துப் போனார்கள் என்ற இடத்தில் "பெட்டியை எடுத்துப் போனார்கள்" என்றான். பிணப் பரிசோதனை வெறும் பரிசோதனை ஆனது. விடுதித் தோட்டக்காரர் வரும் இடங்களை மட்டும் ஒரு சொல் விடாமல் படித்தான். ரோஜாச் செடிகளோடு பேசும் மனிதர் அவர். வழி தவறி வந்த நாய்க்குட்டியை எடுத்து வளர்க்கிறார். அவர் வந்தாலே தம்பியின் குரல் இளகிவிடும்.

ஐந்தாம் நாள் பிற்பகல் அக்கா கேட்டாள்:

"டேய், மயங்கி விழுந்ததுக்கு எதுக்குடா போலீஸ் ஏழு பேரையும் உக்கார வெச்சு விசாரிக்குது?"

"ரொம்பப் பொறுப்பான போலீஸ்க்கா."

"அந்தப் பெட்டியில என்ன இருந்துச்சு?"

"எந்தப் பெட்டி?"

"ரெண்டு நாளா ஒரு பெட்டியைத் தூக்கிட்டு அலையறாங்களே, அந்தப் பெட்டி!"

தம்பி அவசரமாக அடுத்த பக்கத்தைத் திருப்பினான். அக்காவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "எங்கிட்டயே கதை விடறியா நீ?" என்று கையை ஊன்றி விருட்டென நிமிர்ந்தாள்.

"தலை! அக்கா, தலை!"

தம்பி போட்ட சத்தத்தில் அவள் அப்படியே மறுபடி முகத்தைப் புதைத்தாள். இரண்டு மூன்று வினாடிதான் இருக்கும். கட்டுக்குள்ளே ஏதோ மின்னியதாகச் சொன்னாள். உடனே மருத்துவமனைக்கு ஓடினார்கள். கார் பின்சீட்டில் அவள் முழங்காலில் நெற்றியை வைத்துக் குனிந்தே வந்தாள். தம்பி வழிநெடுக அவள் பிடரியில் கையை வைத்திருந்தான். மருத்துவர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "விழித்திரை இருக்கிற இடத்துலதான் இருக்கு. ஆனா இன்னொரு தடவை இப்படிப் பண்ணிடாதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மேசையடியில் உட்கார்ந்தான்.

"அக்கா, ஆறாம் பக்கத்துலேருந்து திரும்பப் படிக்கிறேன். உள்ளது உள்ளபடி."

"வேணாம் விடு. உனக்கு ஒத்துக்காது. அந்த ஆத்தங்கரை ஆளையே கொண்டா, எங்கயாச்சும் நடந்து தொலையட்டும்."

"முடியாது. இதைத்தான் படிப்பேன்."

ஆறாம் பக்கத்தைப் படிக்க அவனுக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று. கழுத்து என்ற சொல்லில் நின்றான். எழுந்து தண்ணீர் குடித்தான். ஜன்னலோரம் போய் நின்றுவிட்டு வந்தான். 'அவள் விரல்கள் தரையைப் பிராண்டின' என்ற வரியை மூன்று துண்டாகப் படித்து முடித்தான். அக்காவாக இருந்தால் அந்தப் பக்கத்தை ஒரு நிமிஷத்தில் தாண்டியிருப்பாள். இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் செத்திருப்பார்கள் அவள் கைப்புத்தகங்களில்! ஒருத்தியின் விரலைக்கூட அவள் கவனித்ததில்லை. அன்றைக்கு முதல் தடவையாக, அந்த டீச்சருக்கு ஊரில் யார் இருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அதன் பிறகு தினமும் காலை எட்டு மணிக்குத் தொடங்குவார்கள். ஐம்பது நிமிஷம் படிப்பு, பத்து நிமிஷம் இடைவேளை. அக்காவுக்குக் கழுத்து இறுகியது, தோள்பட்டை மரத்தது, நெற்றியில் மேசையின் விளிம்பு பதிந்து சிவந்தது. எட்டாம் நாள், "போதும்டா, போற கண்ணு போகட்டும்" என்று உடைந்துபோனாள். தம்பி படிப்பதை நிறுத்தாமல் ஒரு கையை மேலே நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது கொலை நடந்துகொண்டிருந்தது. யார் கை அதிகம் வியர்த்தது என்று சொல்ல முடியாது.

ஒன்பதாம் நாள் மாலை மகள் தன் தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். "மாமா, உங்க பதிலைத் திருத்தட்டுமா? 'முடிக்க இயலாதவர்'னு இருக்கு."

"இன்னும் முடிக்கலையே."

"பதற்றத்தை?"

"அது இருக்கட்டும். பதறிட்டேதான் படிக்கிறேன்."

அக்கா கொலைகாரன் யார் என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே முடிவு கட்டியிருந்தாள்: விடுதிக்கு வந்திருக்கும் மருத்துவர். "வேகமா ஓட்டறவளுக்கு வழி தெரியும்டா" என்றாள். தம்பி அடுத்த பத்திக்குப் போனான். ஆனால் பன்னிரண்டாம் நாள், ஒரு பக்கத்தின் நடுவில் நின்றுவிட்டான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லு."

"டீச்சர் செத்த அன்னைக்கு விடியக்காலையில நல்ல மழைன்னு முன்னாடி ஒரு வரி வந்துச்சு. அதே காலையில தோட்டக்காரர் வாளியில தண்ணி எடுத்துட்டுப் போறார். மழை பெஞ்ச தோட்டத்துக்கு எதுக்குக்கா தண்ணி?"

அக்காவுக்கு அந்த வாளி வந்ததே ஞாபகமில்லை. "நீ என்ன சொல்ற? அவரா?"

"சே சே. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்ல. நாய்க்குட்டியை எப்படிப் பார்த்துக்கறார் பாரு. எழுத்தாளர் ஏதோ மறந்து எழுதியிருப்பார்."

பதினான்காம் நாள் காலை மருத்துவர் கட்டைப் பிரித்தார். விழித்திரை ஒட்டியிருந்தது. கண்ணுக்குள் தண்ணீருக்கடியில் பார்க்கிற மாதிரி எல்லாம் ஆடியது. குமிழி சிறுத்து ஒரு பொட்டுபோல மிதந்தது. "இனிமே நிமிர்ந்து உக்காரலாம்" என்றார். வீட்டுக்கு வந்து, இரண்டு வாரத்துக்குப் பிறகு அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். கசங்கிச் சுருண்ட கடைசி அத்தியாயத்தை எடுத்து நீவினாள்.

"இடது கண்ணால மெதுவாப் படிச்சுக்கலாம்னு சொல்லிட்டார். நீ போய் ரெஸ்ட் எடு. இதை நானே பார்த்துக்கறேன்."

"கொடு."

"இதுல எல்லாம் வரும்டா. எப்படிக் கொன்னான், எதால கொன்னான்னு விலாவாரியா..."

"பதிமூணு நாள் நான் படிச்சிருக்கேன். கொடுக்கா."

கொடுத்தாள். அவன் தரையில் உட்காராமல் அவளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தான். முதல் தடவையாக அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். இருபது தாளில் ஏழாவதில் போலீஸ் அதிகாரி எல்லாரையும் கூடத்தில் கூட்டினார். ஒன்பதாவதில் வாளி வந்தது. தாழ்வாரத்தில் பதிந்த காலடித் தடத்தைக் கழுவத்தான் தோட்டக்காரர் அந்தத் தண்ணீரை எடுத்துப் போனார்.

தம்பியின் உதடு துடித்தது. தாளை மடியில் வைத்தான். அக்கா தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கம் நகர்த்தினாள். 'அன்னைக்கே சொன்னியேடா' என்றுகூடச் சொல்லவில்லை. அவன் தாளை எடுத்து, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தான். தோட்டக்காரர் தன் கையால் செய்ததையெல்லாம் ஒன்றொன்றாகச் சொன்ன அந்த நான்கு பக்கத்தையும், ரோஜாச் செடியோடு அவர் பேசியபோது வைத்திருந்த அதே இளகிய குரலிலேயே படித்தான். அக்காவுக்கு மயிர்க்கூச்செடுத்தது. கடைசி வரி வந்ததும் தாள்களைத் தட்டிச் சீராக அடுக்கினான்.

"முடிச்சாச்சு" என்றான். "நான் கொஞ்சம் படுத்துக்கறேன்."

அன்று பகல் முழுக்கத் தூங்கினான்.

மூன்றாம் மாதம் அக்கா ஓட்டுநர் கண் பரிசோதனைக்குப் போனாள். கடைசி இரண்டு வரி தெரியவில்லை. அறுவைக்குப் பிறகு கண் வில்லை மங்கிவிட்டது என்றார்கள். பணிமனையில், "நேர அட்டவணை மேசையில உக்காந்துக்கம்மா, நிம்மதியா இருக்கும்" என்றார்கள். உட்கார்ந்தாள்; நிம்மதியாகத்தான் இருந்தது. நான்காவது வாரமே வில்லை மாற்றும் அறுவைக்குத் தேதி வாங்கிவிட்டாள். ஏழாம் மாதம் மறுபடி பரிசோதனைக்குப் போனாள். இந்தத் தடவை அந்தக் கடைசி வரியை, அதிகாரி 'போதும்' என்று சொன்ன பிறகும், முழுதாக வாசித்துக் காட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு அவளுடைய பழைய வழித்தடம். நடத்துநர் விசில் கொடுத்தார். அக்கா கதவை மூடி, வலது பக்கக் கண்ணாடியைப் பார்த்து, இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்து, வண்டியை எடுத்தாள்.