நாலாவது சென்ஷூ

கஜியுராவுக்கு சென்ஷூ என்றால் உயிர். நகோயாவின் வாடகைக் கார் ஓட்டுநர்களில் அந்த வரிசையின் நான்கு கார்களையும் ஓட்டியவன் தான் ஒருவன்தான் என்று மார்தட்டுவார். யாரும் மறுப்பதில்லை. மறுத்தால் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார்: அலமாரிபோல் நடுவிலிருந்து திறக்கும் கதவுகளோடு வந்த முதல் சென்ஷூ, வங்கித் தலைவர்கள் தேடி ஏறிய இரண்டாவது, ஏசி வைத்த மூன்றாவது. இப்போது வந்திருக்கும் நாலாவது முந்தையதைவிட ஒரு சாண் அகலம். பெரிய மனிதர்கள் சும்மா ஒடுங்கி உட்காருவார்களா என்ன?

மகள் மிட்சுயோவின் கல்யாணத்துக்கு அந்தப் புது வண்டியையே முதலாளியிடம் கேட்டு வாங்கியிருந்தார். கதவுக்கு மேலுள்ள கூரையையும் திறந்தால் மணப்பெண் தன் உயரமான வெள்ளை முக்காடு நசுங்காமல் ஏறலாம். மாப்பிள்ளை வீட்டு வாசலில் தன் கையால் அவளை இறக்கிவிட வேண்டும். அன்றைக்கு அவருக்கு வேறு ஆசையே இல்லை.

"கால்வாய்ச் சந்து குறுகலாச்சேப்பா," என்றாள் மிட்சுயோ.

"சென்ஷூ போகாத சந்து நகோயாவுல இன்னும் போடலைம்மா."

சந்தின் நடுவில் எதிரே ஒரு கார் வந்து நின்றது. கல்யாணக் காரைக் கண்டால் எதிரே வருபவர்தான் பின்வாங்க வேண்டும். மணப்பெண் ஏறிய வண்டி பின்னால் நகர்ந்தால், பெண் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிடுவாள் என்பது ஊர் நம்பிக்கை. வழிவிடுபவருக்குக் கொடுக்க வைத்திருந்த அன்பளிப்பு உறையோடு மனைவி தமாயோ இறங்கினாள். எதிர்க் காரிலிருந்தும் ஒரு அம்மாள் உறையோடு இறங்கினாள். உள்ளே இன்னொரு வெள்ளை முக்காடு தெரிந்தது.

அந்த வண்டி இரண்டாவது சென்ஷூ. ஓட்டி வந்தவர் வேறு கம்பெனி ஓஸெகி, பழைய கூட்டாளி.

"உன் மூணாவது சென்ஷூவா இருந்தா உரசாம தாண்டியிருப்போம். ஒரு சாண் அகலம்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்ட இல்ல, இப்ப அனுபவி."

"நீ பின்னால எடுடா."

"நீ எடேன், பார்ப்போம்."

இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் குனிந்து குனிந்து வணங்கினார்கள். வண்டிகள் அசையவில்லை. தன் வாய்க்கொழுப்பு மகளின் வாழ்க்கையிலேயே கைவைத்துவிட்டதோ என்று கஜியுரா பயந்தார்.

மிட்சுயோ தானே இறங்கி வந்தாள்.

"பொண்ணு உள்ள இல்லாட்டி அது வெறும் கார்தானேப்பா? நாங்க ரெண்டு பொண்ணுங்களும் அவங்கவங்க அம்மாவோட அவங்கவங்க வழியில முன்னால நடக்கிறோம். நீங்க காலி வண்டிகளைப் பின்னால எடுங்க. சந்து முடியற இடத்துல நான் அவங்க கார்ல ஏறிக்கறேன். அவங்க நம்ம கார்ல வரட்டும்."

கஜியுராவைத் தவிர யாருக்கும் அதில் குறை தெரியவில்லை.

"ரெண்டாவது சென்ஷூல போயா இறங்குவ?"

"அது தங்கமான வண்டின்னு நீங்கதானே சொல்லுவீங்க."

கஜியுரா ஓஸெகியிடம் திரும்பி, "பள்ளம் பார்த்து ஓட்டுடா," என்றார்.

பின்னால் எடுப்பவர் பின்னால்தான் பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை நகர்த்தினார். முன்பக்கம், எதிர்த் திசையில் மகள் போய்க்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும். ஆனால் இரண்டு பக்கமும் சுவர். வண்டியை நம்பி அதன் முகப்பைத் தொடர்ந்து நடந்து வருவதோ இன்னொரு வீட்டுப் பெண். சந்து முடியும்வரை அவர் பார்க்கவில்லை. பார்த்தபோது மிட்சுயோ கண்ணுக்கு எட்டவில்லை.

கூரையைத் திறந்து, அந்தப் பெண்ணையும் அவள் அம்மாவையும் பக்குவமாக ஏற்றினார். நாலாவது சென்ஷூ அலுங்காமல் கிளம்பியது. அவர் வாய் திறக்கவில்லை.

"உங்க பொண்ணு போறப்போ எங்கிட்ட ஒண்ணு சொன்னாங்க," என்றாள் அந்தப் பெண். "அப்பா பேசாம ஓட்டினா அழறார்னு அர்த்தமாம். காரைப் பத்திக் கேக்கச் சொன்னாங்க."

கஜியுரா வெள்ளைக் கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முதல் சென்ஷூ வந்தப்போ," என்று ஆரம்பித்தார், "அவளுக்கு நடக்கவே தெரியாதும்மா."