தரை ஈரமாகத்தான் இருந்தது

விரல் கணுக்கள் விண்விண்ணென்று தெறித்தன. லீட்ஸ் போகும் ரயிலில் கெர்ரி பிளெங்கின் தன் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்ட வருஷத்திலிருந்து கிரிம்ஸ்பி மீன் தொழிற்சாலையில் ஐஸ் தண்ணீருக்குள் கிடந்த கை. எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் வாடை போகவில்லை.

நேற்று வேலை முடிகிற நேரத்தில் பக்கத்து மேசை டிரிஷ் கத்தினாள்: "வக்கீலம்மா கிளம்பிட்டாங்க! மீனெல்லாம் எந்திரிச்சு நில்லுங்க!"

கொட்டகையே சிரித்தது. கெர்ரியும் சிரித்துவைத்தாள். சாயங்கால வகுப்பில் சட்டம் படித்து முடித்து, பயிற்சி வக்கீலாக இடம் கேட்டுப் போடாத மனு இல்லை. எல்லோரும் கதவைச் சாத்திவிட்டார்கள். கூப்பிட்டது லீட்ஸில் ஒரே ஒரு வக்கீல் அலுவலகம்தான். அவள் வெறியோடு காத்திருந்ததும் அதற்குத்தான்.

அங்கே ஜூலியன் ஆஷ்கிராஃப்ட் இருந்தார். அம்மா டோரீன் அதே தொழிற்சாலையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு நஷ்டஈடு கேட்டபோது, முதலாளி பக்கம் நின்று வாதாடியவர். தரையில் ஈரமே இல்லை, இந்தப் பெண்மணி பொய் சொல்கிறார் என்று நீதிபதி முன்னால் சொன்னார். காலையிலேயே குடித்திருந்தீர்களா என்றும் கேட்டார். அம்மா ஒரு சொட்டுத் தொடாதவள். வழக்கு தோற்றது. அன்றிலிருந்து ஊருக்குள் அவள் பெயர் பொய்க்காரி டோரீன்.

அன்று நீதிமன்றத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மகளை அந்த மனுஷன் திரும்பியே பார்க்கவில்லை. அது இப்போது சௌகரியமாகப் போயிற்று. பிளெங்கின் என்ற, விட்டுப்போன புருஷனின் பெயரை அவள் இன்னும் சுமந்துகொண்டிருந்ததும் இதற்காகத்தான். உள்ளே நுழைய வேண்டும். மெல்ல மேலே ஏற வேண்டும். என்றைக்காவது ஒருநாள் அவர் நாற்காலியை அவர் உட்கார்ந்திருக்கும்போதே உருவ வேண்டும்.

நேர்காணலில் ஆஷ்கிராஃப்டுக்கு அவளை ரொம்பவே பிடித்துப்போயிற்று.

"மீன் வெட்டிக்கிட்டே சட்டம் படிச்சீங்களா? பிரமாதம்! எங்களுக்கு உங்களைமாதிரி ஆளுங்கதான் வேணும். வர்றவங்க எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்காங்க."

"நன்றி சார்," என்றாள் கெர்ரி. பல் கூசியது.

பிறகு சாப்பாடு. மனு போட்டவர்களும் ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கும் பயிற்சி வக்கீல்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில். இதற்கு மதிப்பெண் கிடையாது என்பார்கள். உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். பெரிய வக்கீல் தன் பழைய வெற்றியை அவிழ்த்துவிடுவதும் அந்த மேசையின் வழக்கம். பேரைச் சொல்லாவிட்டால் போதும், ரகசியம் காத்தமாதிரி என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

ஆஷ்கிராஃப்ட் இரண்டாவது கிளாஸ் வைனை ஊற்றிக்கொண்டார்.

"ஒரு மீன் தொழிற்சாலை கேஸு. கெர்ரி, உங்களுக்குப் புரியும். ஒரு அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க. சாக்கடை மாசக்கணக்கா அடைச்சுக் கிடக்கு, தண்ணி நிக்குதுன்னு ஃபோர்மனே என்கிட்ட வந்து சொல்லிட்டான். நான் என்ன பண்ணேன்? அவனைச் சாட்சிக் கூண்டுப் பக்கமே விடல. தரை காஞ்சிருந்துச்சுன்னு அடிச்சுச் சொல்லிட்டு, அந்தம்மாவோட செருப்பைப் பத்தியும் குடியைப் பத்தியும் கேட்டேன். மூஞ்சி செவந்து அழுதுட்டாங்க. முடிஞ்சுது கதை!"

மேசை மரியாதைக்குச் சிரித்தது. கெர்ரி கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் வைத்தாள்.

"சார், அந்த ஃபோர்மன் பேரு?"

"யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"நெவில். அந்தம்மா பேரு டோரீன் ஸ்டேதர். எங்கம்மா."

ஒருவரும் மெல்லவில்லை. கெர்ரி மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் கேட்டீங்கல்ல? விசாரணை வந்தா கேட்டதை அப்படியே சொல்லுங்க. நீங்களும் வக்கீலாகத்தானே வந்திருக்கீங்க."

கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். படிக்கட்டில் ஆஷ்கிராஃப்ட் ஓடிவந்து மறித்தார். மூச்சு வாங்கியது.

"கெர்ரி, ஒரு நிமிஷம். இடம் உங்களுக்குத்தான். செப்டம்பர்லயே சேர்ந்துக்கலாம். இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அதை வாங்கிக்கொண்டால் போதும். ஐஸ் தண்ணீர் வேண்டாம். வாடை வேண்டாம். இந்த வலி வேண்டாம். வேறு எவனும் இப்படி ஓர் இடத்தை அவள் முன் நீட்டப்போவதில்லை.

"சேர்ந்துட்டா இந்த ஆபீஸ் ரகசியம் என் ரகசியமும் ஆயிடும். அப்படித்தானே சார்?"

ஆஷ்கிராஃப்ட் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அப்ப உங்க நாற்காலியை நீங்களே வெச்சுக்குங்க. எத்தனை நாளைக்குன்னு பார்ப்போம்."

வீட்டில் அம்மா ஊன்றுகோலோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"கிடைச்சுதாடி?"

"குடுத்தாங்க. வேண்டாம்னுட்டேன்."

"புத்தி பேதலிச்சுப்போச்சா? உன் கையைப் பாருடி! எனக்கு இடுப்பு போனமாதிரி உனக்கும் போகணுமா?"

கெர்ரி நடந்ததைச் சொன்னாள். கெட்டில் கொதித்துக் கூவிக்கொண்டே இருந்தது. அம்மா அடுப்பை அணைக்கவில்லை.

"அவன் வாயாலயே சொன்னானா? ஈரம்னு?"

"சொன்னான். மேசை பூராவும் கேட்டுச்சு."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். "நெவில் இன்னிக்கும் என்னைப் பார்த்தா அந்தப்பக்கம் போயிடுவான். இப்பத்தான் புரியுது," என்றாள். ஊன்றுகோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, "விடாதடி அவனை," என்றாள்.

அன்றே வக்கீல்களைக் கண்காணிக்கும் ஆணையத்துக்குப் புகார் போயிற்று. மேசையில் இருந்தவர்களில் ஒரு பயிற்சி வக்கீல் மட்டும் கேட்டதைக் கேட்டபடி சொல்ல ஒத்துக்கொண்டாள். மற்றவர்களுக்குக் காது கேட்கவில்லையாம்.

திங்கட்கிழமை கெர்ரி மறுபடியும் ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டாள். டிரிஷ் கேலி எதுவும் பேசாமல் தன் காய்ந்த கையுறையைக் கழற்றிக் கொடுத்தாள்.

விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. ஆஷ்கிராஃப்டின் வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம். கெர்ரிக்கு அதுமட்டும் போதாது. எந்த நீதிமன்றத்தில் நின்று டோரீன் ஸ்டேதரைப் பொய்க்காரி என்றாரோ, அதே நீதிமன்றத்தில் நின்று அந்தச் சொல்லை அவர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடன் இன்னும் பாக்கி.