யாருக்கும் வேண்டாத மஞ்சள்

என் அண்ணன் டோமினிக் இணையத்தில் பெரிய ஆள். கணினித் திரையில் பொத்தான், பெட்டி, எழுத்தெல்லாம் அமைக்க உதவும் ஓர் இலவச நிரல் தொகுப்பைப் பார்த்துக்கொள்கிறான். எங்கெங்கோ இருப்பவர்கள் அதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். திருச்சி தில்லைநகரில் நான் புதிதாகச் சேர்ந்த கால் சென்டரிலும் அதுதான் ஓடியது என்பது எனக்கே தெரியாது. எனக்குப் பார்வை மங்கல். கறுப்புத் திரையில் கொட்டை கொட்டையாக மஞ்சள் எழுத்து வந்தால்தான் படிப்பேன். அந்த வசதி அங்கே இருந்ததால்தான் வேலையே கிடைத்தது.

அந்த மஞ்சளைத் தந்துகொண்டிருந்தது அண்ணன் தொகுப்புக்குள் சேர்த்திருந்த, வேறு யாரோ எழுதிய பழைய வண்ண நிரல். இனி பராமரிக்க மாட்டோம் என்று அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். வேறொன்றுக்கு மாறினால் மஞ்சளை முதலிலிருந்து செய்ய வேண்டும். இலவச நிரல் எழுதுகிறவர்கள் வழக்கப்படி அண்ணன் இணையத்தில் கேட்டிருக்கிறான்: இந்த மஞ்சள் யாருக்காவது வேண்டுமா, பதில் வராவிட்டால் எடுத்துவிடுவோம். ஒருவரும் எழுதவில்லை. எடுத்துவிட்டான். ஒழுங்காக ஓடுகிற ஒன்றைப் பற்றி எந்தப் புண்ணியவான் போய் எழுதுவான்?

திங்கட்கிழமை திரையைத் திறந்தால் வெள்ளையில் சாம்பல் எழுத்து. மூக்கு இடிக்கக் குனிந்தும் ஒன்றும் பிடிபடவில்லை. லைனில் ஓர் அம்மா ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் பார்க்கிறவர் வந்து, புது வெர்ஷன் என்று அண்ணனுடைய தொகுப்பின் பெயரைச் சொன்னபோது ஆடிப்போனேன். சூப்பர்வைசர் ஹஃப்ஸா நல்லவர்தான். ப்ரொபேஷனில் இருப்பவளை வேலையில்லாமல் உட்கார வைக்க மேலே விடமாட்டார்கள், சாயங்காலம்வரை பார்க்கலாம் என்றார்.

பாத்ரூமுக்குள் போய் அண்ணனை அழைத்தேன். சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து மஞ்சளைத் திரும்பக் கொண்டுவந்து வெளியிட்டான். ஆனால் ஆபீசில் அடுத்த மாதம்தான் மறுபடி புதுப்பிப்பார்களாம். கெஞ்சிப் பார்த்தேன். ஹஃப்ஸா என் அடையாள அட்டையை வாங்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் போர்டு தெரியாமல் யார் யாரையோ கேட்டு பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்தேன். மஞ்சள் வந்துவிட்டதென்று ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் நன்றி எழுதுவதாக அண்ணன் மெல்லச் சொன்னான்.

"உலகத்தையே கேட்டியே அண்ணே, பக்கத்து ரூம்ல இருக்கிற என்னைக் கேட்டியா?" என்றேன்.

"உன் ஞாபகமே வரல அக்னஸ்," என்றான்.

பொய்யாவது சொல்லியிருக்கலாம். வேலை போனதற்கு வராத அழுகை அப்போது வந்தது.