உறைக்குள் இருந்த அரை கிராம்

அத்தான் ஒரு கடையில் கொடுத்து மாற்றியதில் அக்காவின் வளையல்கள் இரண்டும் போய், ஒரு பொற்காசு வீட்டுக்கு வந்திருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் சட்டைப் பொத்தான் அளவில் மின்னியது. கூடவே வந்த சான்றிதழ் மட்டும் கல்யாணப் பத்திரிகையைத் தோற்கடிக்கும் கனம். பொன்னெழுத்து, முத்திரை, போட்டவருக்கே படிக்க வராத கையெழுத்து.

“ஒரு தீவு அரசாங்கம் போட்டது மச்சான்,” என்றார் அத்தான், அந்தத் தீவின் நிதியமைச்சரே தான்தான் என்பதுபோல. “அழிஞ்சுபோன மிருகங்கள் வரிசை. உலகத்துலயே மொத்தம் ஐயாயிரம்தான்.”

“தீவுல எத்தனை பேரு?” என்று கேட்டார் அக்காவின் தம்பி.

“ஆயிரத்து இருநூறு.”

“ஆளுக்கு நாலு வாங்கியிருந்தாலே அநேகமா எல்லாம் தீர்ந்திருக்குமே! அவங்களுக்கே வேணாமாமா?”

தம்பி அடகுக் கடையில் நகை மதிப்பீட்டாளர். முலாம் பூசிய சங்கிலியை நீட்டிக் கண்ணீர் விட்டவர்களை இருபது வருஷமாகப் பார்த்தவர். காகிதம் தடிக்கத் தடிக்க அவருக்குச் சந்தேகமும் தடிக்கும்.

“தங்கம்தானான்னு மட்டும் சொல்லுடா,” என்றாள் அக்கா. “இல்லைன்னா இன்னைக்கே அந்தக் கடையில போய் நின்னு என் வளையலை வாங்கிடறேன்.”

அத்தான் தடுக்கவில்லை. தம்பி உறையைப் பிளேடால் கீறினார். காசை உரைகல்லில் நாலு இழுப்பு இழுத்து, திராவகத்தைத் தொட்டு வைத்தார். மஞ்சள் கோடு கரையவில்லை.

“சொக்கத் தங்கம்,” என்றார், ஏமாந்த குரலில். தராசில் அரை கிராம் காட்டியது. போன வளையல்கள் பதினாறு கிராம்.

அப்போதுதான் அத்தான் சான்றிதழைத் திருப்பி, பொடி எழுத்தை நிதானமாக வாசித்தார்: “உறை பிரிக்கப்படாத காசு, வாங்கிய விலைக்கே திரும்பப் பெறப்படும்.”

மூவரும் காசைப் பார்த்தார்கள். அதில் பொறித்திருந்த மிருகத்தின் மூக்கு உரைகல்லில் இருந்தது.

“ஐயோ, கெடுத்துட்டியே மச்சான்! நாளைக்கே திருப்பிக் கொடுக்கலாம்னு இருந்தேனே!”

குரலில் ஒப்பாரி, முகத்திலோ தலைச்சுமையை இறக்கி வைத்தவரின் தெளிச்சி. தம்பிக்குப் பொறி தட்டியது.

“அத்தான், இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“எது?”

“பொடி எழுத்து.”

“கண்ணாடி இல்லாம எனக்கு எங்க தெரியுது?” என்றார், இப்போதும் கண்ணாடி இல்லாமலே.

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வெறுங்கையைத் தம்பியின் முன்னால் நீட்டினாள்.

“அவர்கிட்ட அப்புறம் பேசிக்கறேன். உரசினவன் நீ. வளையலுக்கு அளவு எடு.”