ஹேமந்த் எங்கே இருக்கிறான்

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி நெருங்கினால் சுந்தரமூர்த்தி முகம் கழுவி, சலவைச் சட்டை போட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார். காற்று எட்டாத நாற்காலி பாஸ்டர் ஓபேத்துக்கு. ராணிப்பேட்டையில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன சபையை நடத்துகிறவர் ஓபேத். வயது முப்பத்து மூன்று. சுந்தரமூர்த்தியின் மனைவி கமலத்தோடு சேர்ந்து ஜெபிக்க வருவதாகத்தான் பெயர். ஆனால் ஜெபத்துக்கு முன்னால் அரைமணி நேரமாவது அவரை வறுத்தெடுக்காமல் சுந்தரமூர்த்தி விடுவதில்லை.

முப்பத்தொரு வருஷம் டேனரியில், தோல் பதப்படுத்துகிற குரோம் டிரம் பக்கத்திலேயே நின்று ஓய்வு பெற்ற மனிதர் அவர். அங்கேயும் அவர் வாய்க்குத் தப்பித்த சாமி கிடையாது. சோளிங்கர் மலையேறி வந்து பிரசாதம் நீட்டுகிறவனிடம், "அத்தினி படி ஏறினியே, நரசிம்மர் உனக்குக் கால்வலி மாத்திரை குடுத்தாரா?" என்பார். நோன்பு வைத்தவனிடமும் ஏதாவது கேட்டு வைப்பார். ஆட்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அது ஒரு காலம். அப்போது அவருடைய கிண்டலில் கசப்பு கிடையாது.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மகன் ஹேமந்த் செத்துப்போனான். இருபத்தாறு வயது. டிப்ளமோ முடித்துவிட்டுச் சென்னைக்குப் போகிறேன் என்றவனை, "கண்ணெதிர்ல இருடா" என்று சொல்லி, மேனேஜரிடம் தானே பேசி, ஒரு டேனரியின் கழிவுநீர்ப் பிரிவில் சேர்த்துவிட்டவர் சுந்தரமூர்த்தி. ஒரு நாள் காலையில் கழிவுத் தொட்டியில் அடைப்பு எடுக்க இறங்கிய குர்ஷித் என்கிற தொழிலாளி விஷவாயு தாக்கி மயங்கி விழுந்தான். ஹேமந்த் கயிற்றோடு இறங்கி, அதை குர்ஷித்தின் இடுப்பில் கட்டிவிட்டான். மேலே இருந்தவர்கள் குர்ஷித்தை இழுத்துப் போட்டார்கள். கயிற்றை மறுபடி உள்ளே விட்டபோது அதைப் பிடிக்க ஹேமந்துக்குச் சுயநினைவு இல்லை.

காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். தெருக்கோடியிலிருந்து சபைப் பெண்கள் இரண்டு பேர் மட்டும் தினமும் வந்தார்கள். ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருத்தி சோறு வடித்தாள், இன்னொருத்தி கமலத்தின் தலையை வாரிப் பின்னிவிட்டாள். பத்து மாதம் கழித்துக் கமலம் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். பாலாற்றில் அப்போது முழங்கால் நனையவும் தண்ணீர் இல்லை. சபைக்குப் பின்னால் கட்டியிருந்த சிமெண்ட் தொட்டியில்தான் முக்கி எடுத்தார்கள்.

ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தவளை சுந்தரமூர்த்தி ஏற இறங்கப் பார்த்தார்.

"என் புள்ள தொட்டியில எறங்கனான், செத்துட்டான். நீ தொட்டியில எறங்கி ரட்சிக்கப்பட்டுட்ட. நல்லா இருக்குதுடி உங்க தொட்டி கணக்கு."

கமலம் புடவை மாற்றப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவர் சண்டையெல்லாம் பாஸ்டரோடுதான்.

ஓபேத் நல்ல பையன். அதுதான் சுந்தரமூர்த்திக்கு ஆகவில்லை. எவ்வளவு குத்தினாலும் "ஐயா" என்பதை விடமாட்டார். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு சாட்சியைச் சொல்லத் தொடங்கிவிடுவார். போன வாரம் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிற ஒரு சகோதரிக்கு ஏழு வருஷத்து முதுகுவலி ஒரே ஜெபத்தில் போய்விட்டதாம்.

"ஒரு சந்தேகம் தம்பி," என்றார் சுந்தரமூர்த்தி. பாஸ்டர் என்று அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "ஆம்பூர்ல முதுகுவலி பாக்க உங்க ஆண்டவருக்கு நேரம் இருக்குது. ராணிப்பேட்டைல ஒருத்தன் மூச்சு முட்டிச் சாகறப்போ இன்னா, அவருக்கு வார லீவா?"

"பாடுகளுக்கு ஒரு நோக்கம் இருக்குதுங்க ஐயா. இப்போ நமக்குப் புரியாது."

"டேனரிலயும் இதையேதான் சொன்னான். விசாரணை நடக்குது, இப்போ ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு. நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆபீஸா?"

"ஆண்டவரும் பாடுபட்டவர்தாங்க. சிலுவையில நம்மளோட வலியை அவரும்..."

"மூணாம் நாள் எழுந்துட்டார் இல்ல? என் புள்ளைக்கு மூணாம் நாள் பால் தெளிச்சோம். எழுந்து வரல."

ஓபேத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையைப் பார்க்கும்போது சுந்தரமூர்த்திக்கு நெஞ்சில் ஒரு குளிர்ச்சி பரவும். சாப்பாடு இறங்கும். அன்றைக்கு ஒரு நாள்தான் வாரத்தில் அவர் நன்றாகத் தூங்குவார்.

ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அவர் ஆயுதத்தோடு காத்திருந்தார். சபையில் கொடுக்கிற துண்டுப் பிரசுரம் ஒன்று கமலத்தின் பையிலிருந்து விழுந்ததை எடுத்து வைத்திருந்தார். அதன் கடைசிப் பக்கத்தைப் படித்ததும், இத்தனை மாதம் இது கண்ணில் படாமல் போயிற்றே என்று இருந்தது அவருக்கு.

கமலம் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். ஓபேத் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இன்னைக்கு ஒரே கேள்வி. சாட்சி கீட்சி வேணாம். ஹேமந்த் இப்போ எங்க இருக்கான்?"

ஓபேத்தின் முகம் மாறியது. "அது ஆண்டவருக்குத்தான் தெரியும் ஐயா."

"உனக்குத் தெரியும். அச்சடிச்சே குடுத்திருக்க. கண்ணாடி வேணுமா, இல்ல, நானே படிக்கட்டுமா?" பிரசுரத்தை நீட்டினார். "ஆண்டவர ஏத்துக்காம செத்தவனுக்கு அவியாத நெருப்புன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குது. கீழ உன் போன் நம்பர்."

"ஐயா, அம்மா உள்ள இருக்காங்க."

"இருக்கட்டும். குர்ஷித் யாரு? இவனுக்குச் சொந்தமா, சாதியா, மதமா? அவனைத் தூக்கி உட்டுட்டு இவன் செத்தான். அடுத்தவனுக்காக உசுரக் குடுத்ததுக்கு உங்க ஆளுக்கு ஊர் ஊரா கோபுரம். என் புள்ளைக்கு நெருப்பா? ஆமான்னு சொல்லு, இல்ல, இது பொய்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணு சொல்லாம இந்த வீட்டு டீய நீ குடிக்க முடியாது."

ஓபேத் பிரசுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லியிருக்கலாம். எந்த வீட்டிலும் எந்த மனிதனும் அந்த நேரத்தில் சொல்லக்கூடிய பொய்தான். யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல, "வேதம் அப்படித்தாங்க சொல்லுது ஐயா" என்றார்.

சுந்தரமூர்த்தி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். எட்டு மாதத்து ஆட்டம் முடிந்தது. வாயைத் திறந்து சிரிக்கவே சிரித்தார். அப்போதுதான் அடுப்படி வாசலில் கமலம் தட்டோடு நிற்பதைப் பார்த்தார்.

அவள் தட்டைக் கீழே போட்டுவிடவில்லை. இரண்டு டம்ளரையும் ஸ்டூல்மேல் ஒழுங்காக வைத்தாள். பிறகு கேட்டாள்.

"பாஸ்டர், பரலோகம் போறவங்க பேரெல்லாம் ஒரு புஸ்தகத்துல இருக்குதுன்னு சொன்னீங்களே. என் பேரு அதுல இருக்குதா?"

"இருக்குதும்மா. ஜீவபுஸ்தகத்துல இருக்குது."

"அத அடிச்சிருங்க."

"அம்மா, அப்படிச் சொல்லாதீங்க..."

"என் புள்ள நெருப்புல கெடப்பான், நான் மேல உக்காந்து பாட்டு பாடிகிட்டு இருக்கணுமா? எந்த அம்மாவும் பாட மாட்டா. அவன் எங்க இருக்கானோ அங்கியே என்னையும் போட்டுடச் சொல்லுங்க. தண்ணியாவது மோந்து குடுப்பேன்."

ஓபேத் எழுந்து நின்றுவிட்டார். சுந்தரமூர்த்தி தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "கேட்டியா தம்பி? இது கேள்வி. உங்க பைபிள் காலேஜ்ல இதுக்குப் பதில் சொல்லிக் குடுத்தாங்களா?"

கமலம் அவர் பக்கம் திரும்பினாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு பார்வையை அவர் பார்த்ததில்லை. கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கடைத்தெருவில் அழுகின தக்காளியை ஒதுக்கும்போது அவள் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"நீங்க இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க?"

"நான்..."

"இவரு நெருப்புல இருக்கான்றாரு. நீங்க அவன் எங்கியுமே இல்ல, மண்ணோட மண்ணுன்றீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். வாரா வாரம் என் புள்ளைய நடுவுல போட்டு ரெண்டு பேரும் இழுத்து விளையாடறீங்க. யாரு ஜெயிச்சா உங்களுக்கு இன்னா கெடைக்குது? அவனைப் போவாதேன்னு நிறுத்தி வெச்சது நீங்க. அத சொல்ல முடியல உங்களால. அதான் அந்தக் கடவுளப் புடிச்சித் திட்டிகிட்டே இருக்கீங்க. கடவுள்தான் இல்லியே, அப்புறம் யாரத் திட்டறீங்க?"

அவள் உள்ளே போய்விட்டாள். இரண்டு டம்ளரிலும் ஆடை படிந்தது. ஓபேத் "வர்றேங்க ஐயா" என்று சொன்னதும், செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கியதும் சுந்தரமூர்த்திக்கு எங்கோ தூரத்தில் நடப்பதுபோல் இருந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. கமலமும் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு சபைக்குக் கிளம்பியபோது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பேரை அடிக்கச் சொன்னியே. அப்புறம் இன்னாத்துக்குப் போற?"

"பாஸ்டர்கிட்டதான் சொன்னேன். அவர்கிட்ட இன்னும் சொல்லல."

"எவர்கிட்ட?"

"உங்களுக்கு அவர் இல்ல. உட்டுடுங்க."

சபையில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது கமலம் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று அந்தத் தெருக்கோடிப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். பாட்டுக்கும் வாயைத் திறக்கவில்லையாம். நேராக எதிரே பார்த்துக்கொண்டே உதடு மட்டும் அசைந்ததாம். திட்டுகிறாளா, வேண்டுகிறாளா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சுந்தரமூர்த்தி அதைக் கேட்டுவிட்டு வழக்கம்போல ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

இரண்டு வியாழக்கிழமை ஓபேத் வரவில்லை. மூன்றாவது வியாழக்கிழமை வந்தார். கையில் வேதப் புத்தகம் இல்லை, பிரசுரமும் இல்லை. வாசலிலேயே நின்றார்.

"ஐயா, நான் அன்னைக்குச் சொன்னது... படிச்சதைச் சொன்னேன். ஹேமந்த் எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியலைங்க. உண்மையிலயே தெரியல."

"இதச் சொல்றதுக்கு எட்டு மாசமா உனக்கு?"

"ஆமாங்க."

"அந்தக் காகிதத்த இன்னும் குடுக்கறியா?"

"மூட்டை கட்டிப் பரண் மேல போட்டுட்டேன். சபைல சில பேரு கோவிச்சிகிட்டாங்க."

"கோவிச்சிப்பாங்க. நெருப்ப எடுத்துட்டா உன் கடையில இன்னா இருக்குது?"

ஓபேத் உள்ளே வந்து உட்கார்ந்தார். கமலம் வந்து சுவரோரம் நின்றாள். பிறகு ஓபேத் கேட்டார்.

"ஹேமந்த் எப்படிங்க இருப்பாரு? நான் பாத்ததே இல்ல."

குத்தலாக ஒரு பதில் சுந்தரமூர்த்தியின் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. செத்தவனைப் பற்றி இப்போதுதான் கேட்கத் தோன்றியதா என்று. ஆனால் அவரே அவனைப் பற்றி இந்த வீட்டில் பேசி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. தொட்டியைப் பற்றித்தான் பேசியிருக்கிறார், அவனைப் பற்றி அல்ல.

"உயரம்," என்றார். "என்னைவிட உயரம். பிரியாணி திங்கறதுக்குன்னே ஞாயித்துக்கிழமை ஆம்பூர் வரைக்கும் வண்டியில போவான். கத்திரிக்காயைத் தொட மாட்டான்..."

"தொடுவான்," என்றாள் கமலம். "உங்க எதிர்ல தொட மாட்டான். நீங்க கிண்டல் பண்ணுவீங்கன்னு."

சுந்தரமூர்த்தி அவளைப் பார்த்தார்.

"மெட்ராஸ் போறேன்னான்," என்றார் பாஸ்டரிடம். "நான்தான் நிறுத்தி வெச்சேன். நான்தான் அந்த மேனேஜர்கிட்ட போயி பேசனேன்."

ஓபேத் ஒரு வசனத்தையும் சொல்லவில்லை. கமலம் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மிச்சத்தையும் சொல்லுங்க," என்றாள்.