பச்சை வயரை வெட்டச் சொன்னவர்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஷார்ஜா ரோலாவில் நான் வேலை பார்க்கும் டைப்பிங் சென்டரில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஒரு பக்க வாக்குமூலமாகப் பிறந்தது. அடித்தது நான்தான். விசா பாரம், வாடகை ஒப்பந்தம், லீவு லெட்டர் என்று நாள் முழுக்க அடுத்தவர் பேரில் எழுதுவது எனக்குத் தொழில். வெள்ளிக்கிழமைகளில் கதை எழுதுவேன். (இரண்டையும் ஒரே கைதான் எழுதுகிறது என்பது அன்றுவரை உறைக்கவில்லை.)

அந்த வாக்குமூலத்தின் முதல் வரி, தமிழில் சொன்னால்: "ராக்கப்பன் ஆகிய நான், என் சொந்தக் கவனக்குறைவால்..."

கதைக்கும் இதையே முதல் வரியாக வைக்கலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. எடுத்துவிட்டேன்.

2.

வேறு தொடக்கம்: "பொன்னிற மணல்மேட்டின் மேல் சூரியன் மெல்ல..."

சீ, வேண்டாம். வளைகுடாக் கதை என்றாலே மணலையும் கண்ணீரையும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டுகிறோம். நடந்தது இண்டஸ்ட்ரியல் ஏரியாவில், டயர் கடைக்கு எதிரே ஒரு ஷெட்டில். ராக்கப்பன் அங்கே பதினோரு வருஷமாக ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஊர் கமுதிப் பக்கம். ஷெட்டின் முதலாளி செய்கு அலாவுதீன், கீழக்கரைக்காரர். அண்ணனைக் காக்கா என்பது எங்கள் கடற்கரை வழக்கம், நான் அவரையும் காக்கா என்பேன். எனக்கு இந்த டைப்பிங் வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

ஒரு நாள் ஷெட்டுக்கு ஒரு காரவன் வந்தது. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற வீடு. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். குளிர்காலத்தில் வசதிப்பட்டவர்கள் இழுத்துக்கொண்டு போய் மணலில் குடியிருப்பார்கள். அதைக் கட்டிவிட்டால் பின்னால் யானை நின்றாலும் டிரைவருக்குத் தெரியாது. அதனால்தான் பின்பக்கம் கேமரா.

ராக்கப்பன் இரண்டு மணி நேரத்தில் பூட்டிவிட்டார். கூரை விளிம்புக்குக் கீழே துளை, மழைத்தண்ணீர் இறங்காமல் ரப்பர் வளையம், அதைச் சுற்றி சிலிகான், பின்விளக்கு வயரிலிருந்து கரண்ட், காரின் டேஷ்போர்டில் திரை. வேலை சுத்தம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வாக்குமூலத்தில் அவர் வேலை தெரியாதவர் என்று என் கையாலேயே அடித்தேன்.

3.

இனி பச்சை வயர். கேமராவின் வாலில் சின்ன வளையமாக ஒரு பச்சை வயர் தொங்கும். அது இருக்கும்வரை திரையில் படம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி தெரியும். இடப்பக்கம் நிற்கிற ஆள் இடப்பக்கமே தெரிவான். பார்த்துப் பின்னால் எடுக்கலாம். ஆனால் எழுத்துகள் திரும்பித் தெரியும்.

வண்டிக்காரர் திரையில் டயர் கடைப் போர்டைப் பார்த்தார். எழுத்தெல்லாம் இடவலம் மாறி இருந்தது. கேமரா டூப்ளிகேட் என்று குதித்தார். ராக்கப்பன் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் விளக்கினார்: எழுத்து உல்டாவாகத்தான் இருக்கும் சாப், அப்போதுதான் ஆள் சரியாகத் தெரியும். வண்டிக்காரருக்குக் காதில் ஏறவில்லை. போர்டைப் படிக்க முடிய வேண்டுமாம். ரிவர்ஸ் எடுக்கும்போது போர்டு படிக்கிற மனுஷனை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா? நான் கண்டதில்லை.

காக்கா வந்தார். அந்தப் பச்சையை வெட்டி விடப்பா, கஸ்டமர் சொல்றாருல்ல என்றார். ராக்கப்பன் முடியாது என்றார். மறுபடியும் சொன்னார். மறுபடியும் முடியாது என்றார். மூன்றாவது தடவை காக்கா குரல் மாறியது. ராக்கப்பன் வெட்டினார். இனிமேல் இடது வலதாகத் தெரியும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று திரையைத் தொட்டுக் காட்டினார். வண்டிக்காரர் ஓகே ஓகே என்றார்.

[வண்டிக்காரர் எந்த நாடு என்று கேட்காதீர்கள். எதைச் சொன்னாலும் நீங்கள் அந்த நாட்டைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். காக்கா நம் ஊர்க்காரர், நானும் நம் ஊர்க்காரி. அதை வைத்துக்கொண்டு திட்டுங்கள்.]

4.

ராக்கப்பனின் ரூம்மேட் பாண்டித்துரையும் அதே ஷெட்டில்தான் வெல்டர். வண்டியை ரிவர்ஸில் வெளியே எடுக்கும்போது பின்னால் இடப்பக்கம் நின்று, வா வா என்று கை காட்டினார். திரையில் வலப்பக்கம் தெரிந்தார். வண்டிக்காரர் அவரை விட்டு விலகுவதாக நினைத்துக்கொண்டு அவர் மேலேயே வந்தார். சுவருக்கும் காரவனுக்கும் நடுவில் பாண்டித்துரையின் வலது கால் மாட்டிக்கொண்டது.

இந்த இடத்தில் பாண்டித்துரையைச் சாகடித்துவிடலாமா என்று யோசித்தேன். (வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் யோசித்தேன்.) கதைக்குக் கனம் கூடும். ஆனால் மனுஷன் சாகவில்லை. காலில் இரண்டு இடத்தில் முறிவு, ஆஸ்பத்திரிச் சாப்பாடு உப்புச் சப்பில்லை என்று ராக்கப்பனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். ஒருத்தன் செத்தால்தான் உங்களுக்குக் கோபம் வரும் என்றால், தயவுசெய்து இங்கேயே மூடி வைத்துவிடுங்கள்.

5.

போலீஸ் கேட்டது. வண்டிக்காரர் கேமராவைத் தப்பாகப் பூட்டிவிட்டார்கள் என்றார். ஷெட்டை இழுத்து மூடிவிடுவார்களோ என்று காக்காவுக்குப் பயம். அந்தப் பயத்தோடுதான் ராக்கப்பனை அழைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்து வாசகம் சொன்னார். கையெழுத்துப் போட்டால் கேஸ் ராக்கப்பன் தலையில் விழும். முடிகிறவரை ஊருக்குப் போக முடியாது. உள்ளேயும் போக நேரலாம். வண்டியை ஓட்டினவர் பேர் அந்தக் காகிதத்தில் மருந்துக்குக்கூட இல்லை.

ராக்கப்பன் மேஜையை ஓங்கி அறைந்து, "இது எந்த ஊர் நியா...

இல்லை. அவர் அறையவில்லை. நான்தான் அறைய வைக்கப் பார்த்தேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் நேராக உட்கார்ந்து சொன்னது இவ்வளவுதான்:

"வெட்டினது நான்தான் தங்கச்சி. இல்லைன்னு சொல்ல மாட்டேன். வெட்டச் சொன்னாங்க, அதனால வெட்டினேன்னு ஒரு வரி போடுங்க. அது போதும் எனக்கு."

இடமில்லைப்பா என்றார் காக்கா. பாதிப் பக்கம் காலியாகக் கிடந்தது.

ராக்கப்பன் தண்ணீர் குடிக்க எழுந்து போனதும் காக்கா என் பக்கம் குனிந்தார். கண் சிவந்திருந்தது. மனுஷன் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"அந்த வரி வேணாம் ஹாலிதா. கேட்டான்னா இருக்குன்னு சொல்லிடு."

6.

காகிதம் பிரிண்டரிலிருந்து வந்தது. ராக்கப்பனுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். காகிதம் அரபியில் இருந்தது. இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டு, அந்த வரி இதில் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்.

முடிவு அ: இல்லை அண்ணே, கையெழுத்துப் போடாதீங்க என்றேன். காக்கா விருட்டென்று எழுந்து போனார்.

முடிவு ஆ: காக்காவுக்குத் தெரியாமல் நான் அந்த வரியை ஏற்கெனவே சேர்த்திருந்தே...

எவ்வளவு நல்லவள் பாருங்கள் நான், கதைக்குள். இரண்டையும் அழித்துவிட்டேன்.

இருக்குண்ணே என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கேஸ் வருகிற திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு. பச்சை வயரை வெட்டச் சொன்னார்கள் என்பதையும், அந்த வரியைக் கேட்டவரிடம் நான் பொய் சொன்னேன் என்பதையும் அங்கே போய்ச் சொல்ல ஆள் வேண்டும். அப்படி நான் போனதாக முடிவு எழுத எனக்குப் பத்து நிமிஷம் போதும். எழுத மாட்டேன். எழுதிவிட்டால் போய் வந்த திருப்தி வந்துவிடும், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னைக் கோர்ட்டு வாசலில் நிறுத்துங்கள், இல்லை வழக்கம்போல இந்த மேஜையில் உட்கார வையுங்கள். ஆனால் ராக்கப்பன் அண்ணன் இன்னொரு தடவை கேட்டால், இருக்கு என்று மட்டும் சொல்ல வைக்காதீர்கள்.