ரெகுலர் அல்ல என நிறுவுக

அப்பாவை மின்மயானத்தில் எரித்துவிட்டு வந்த மூன்றாம் நாள் வேல்விழிக்கு அரியர் தேர்வு இருந்தது. அப்பா ராக்கையா நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் இருபது வருஷம் மெஷின் ஓட்டினார். ஷிப்ட் முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வேல்விழிக்கு அழுகை வரவில்லை. சாத்தூரிலிருந்து வந்த அத்தைகள் முதுகைத் தடவி, "அழுதிரு தாயி, உள்ளயே வைக்காத" என்றார்கள். காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

தேர்வன்று காலையில் அம்மா பாண்டியம்மாள் ஹால்டிக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

"போயி எழுதிட்டு வா."

"இன்னைக்கா? சொந்தக்காரங்க என்னம்மா சொல்லுவாங்க?"

"நீ இங்க குத்தவச்சிருந்தா அவரு எந்திரிச்சு வந்திருவாரா? போ."

போனாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எந்த ஸ்டாப்பில் இறங்கினாள் என்பதே பிறகு ஞாபகமில்லை.

கணினிக் கோட்பாட்டுக் கேள்வித்தாளில் கடைசிக் கேள்வி: முதலில் சில a, அடுத்து அதே எண்ணிக்கையில் b. இப்படி அமைந்த சொற்களின் மொழி ரெகுலர் அல்ல என நிறுவுக.

ரெகுலர் என்றால், வரம்புள்ள நிலைகள் மட்டுமே கொண்ட ஓர் இயந்திரம் அந்த மொழியை அடையாளம் கண்டுவிட வேண்டும். அப்படி ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டாள். அதற்கு p நிலைகள். p தடவை a, p தடவை b கொண்ட சொல்லை அதற்குக் கொடுத்தாள். a-க்களைப் படித்து முடிப்பதற்குள்ளேயே இயந்திரம் ஏதோ ஒரு நிலைக்கு இரண்டாம் முறை வந்தாக வேண்டும். அந்தச் சுற்றில் படித்த துண்டு 'முதல் a' என்று எழுதியவள் நிறுத்தினாள்.

போன தடவை தோற்றது இங்கேதான். துண்டு எங்கே விழும் என்பதை அவள் தீர்மானிக்க முடியாது. எங்கே விழுந்தாலும் நிரூபணம் நிற்க வேண்டும்.

அந்த வரியை அடித்தாள். பேனா நின்ற இடத்திலேயே கை வெகுநேரம் இருந்தது. மேற்பார்வைக்கு வந்திருந்த சாரதாமணி மேடம் குனிந்தார்.

"ஏன் கண்ணு, தண்ணி வேணுமா?"

"இல்ல மேடம்."

மறுபடி எழுதினாள். துண்டு எங்கே இருந்தாலும் முதல் p எழுத்துகளுக்குள்தான் இருக்கும். அங்கே a தவிர வேறில்லை. குறைந்தது ஒரு a உண்டு. அதே சுற்றை இன்னொரு முறை சுற்றவிட்டால் a கூடும், b அப்படியே இருக்கும். ஆனாலும் சுற்று முடியும்போது பழைய நிலையிலேயே நிற்பதால் இயந்திரம் அந்தச் சொல்லையும் ஏற்றுக்கொள்ளும். முரண்பாடு. ஆகவே அப்படி ஓர் இயந்திரம் இல்லை.

வெளியே வகுப்புத் தோழன் ராபின் நின்றிருந்தான்.

"வேல்விழி, அப்பாவப் பத்தி இப்பத்தான் கேள்விப்பட்டேன்."

"ம். கடைசிக் கேள்வில, துண்டு எப்படி இருந்தாலும் a மட்டுந்தான்னு எழுதினேன். போதும்ல?"

அவன் அவள் முகத்தையே பார்த்தான். "போதும்" என்றான்.

ஒன்றரை மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. போனைப் பார்த்து, "பாஸ்மா" என்றாள். பாண்டியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வேல்விழி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. எழுந்து போய் வடித்தாள்.